நங்கூரம் எங்கே விழுகிறது?

[காட்சி: மெரினா மணற்பரப்பு, மாலை நேரம். தொடுவானத்தில் நாலைந்து கப்பல்கள்.]

மெரினாவில் சுண்டல் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டு கடலைப் பார்த்து உட்கார்ந்த எவருக்கும் இந்தக் கப்பல்களைத் தெரியும். நேற்றும் அங்கேயே நின்றன, இன்றும் நிற்கின்றன. துறைமுகத்துக்குள் இடம் காலியாகும்வரை வெளியே காத்திருப்பவை இவை. கரையிலிருந்து பார்த்தால் ஆணி அடித்து வைத்ததுபோல் இருக்கும். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை பாருங்கள். தெற்கே பார்த்து நின்ற கப்பல் கிழக்கே திரும்பியிருக்கும். காற்றும் நீரோட்டமும் மாற மாற, நங்கூரத்தை நடுவில் வைத்துக் கப்பல் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

அந்த வட்டத்துக்குக் கீழே, கடலடியில், சங்கிலி என்ன செய்துகொண்டிருக்கிறது? இந்த வீடியோ அதைப் பற்றியது.

[காட்சி: சென்னைக் கடற்கரையின் பழைய ஓவியம். அலையில் ஏறி இறங்கும் மசூலா படகு.]

நங்கூரத்தைப் பற்றிப் பேசச் சென்னைக்காரர்களுக்குத் தனி உரிமை உண்டு. 1870களில் கட்டத் தொடங்கும்வரை இந்த ஊருக்குத் துறைமுகமே கிடையாது. கப்பல்கள் வெளியே நங்கூரம் போட்டு நிற்கும். பலகைகளைக் கயிற்றால் தைத்த மசூலா படகில்தான் ஆளும் சரக்கும் கரைக்கு வர வேண்டும். 1746 செப்டம்பரில் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்தார்கள். அடுத்த மாதமே வந்த புயல், வெளியே நின்ற அவர்களுடைய கப்பற்படையைச் சிதறடித்தது. அதெல்லாம் பழைய கதை என்பவர்களுக்கு 2012 அக்டோபர் 31 நினைவிருக்கும். நீலம் புயலில் ‘பிரதிபா காவேரி’ என்ற எண்ணெய்க் கப்பல் பெசன்ட் நகர் கடற்கரையோரம் வந்து தரை தட்டியது. அதை வேடிக்கை பார்க்கப் போன கூட்டத்தில் நானும் நின்றேன். அவ்வளவு பெரிய நங்கூரம் இருந்தும் எப்படி வந்தது என்பதுதான் அன்று எல்லோரும் கேட்ட கேள்வி.

அந்தக் கேள்வியிலேயே தவறு இருக்கிறது. நங்கூரம் தன் எடையால் படகைப் பிடித்து நிறுத்துவதில்லை.

[காட்சி: சமையலறை மேசை. அகலமான பிளாஸ்டிக் தட்டில் ஈர மணல். பற்களை வளைத்த ஒரு முட்கரண்டி. அதன் காம்பில் நூல்.]

இந்த முட்கரண்டியின் பற்களை மண்வெட்டிபோல வளைத்திருக்கிறேன். மணல்மேல் வைத்து, நூலைத் தரையை ஒட்டிப் படுக்கைவாட்டில் இழுக்கிறேன். பாருங்கள், இழுக்க இழுக்க உள்ளே போகிறது. இன்னும் பலமாக இழுத்தால் தட்டே நகர்கிறது, முட்கரண்டி வரவில்லை. இப்போது அதே நூலை மேல்நோக்கி இழுக்கிறேன். சுண்டு விரலே போதும், வந்துவிட்டது.

நங்கூரத்தின் சூட்சுமம் முழுவதும் இவ்வளவுதான். இழுப்பு கிடைமட்டமாக இருக்கும்வரை அது மண்ணைக் கவ்வும். கயிறு குறைவாக இருந்தால் படகு நங்கூரத்தை மேல்நோக்கி இழுக்கும், அது பெயர்ந்து வந்துவிடும். என் தாய்மாமா காசிமேட்டில் ஃபைபர் படகு ஓட்டியவர். யாருடைய படகாவது இரவில் நகர்ந்துவிட்டது என்று கேள்விப்பட்டால், நங்கூரம் எத்தனை கிலோ என்று அவர் கேட்டதே இல்லை. “எத்தனை பாகம் கயிறு விட்டான்?” என்பதுதான் முதல் கேள்வி. பாகம் என்பது இரண்டு கைகளையும் விரித்த நீளம், ஏறத்தாழ 1.8 மீட்டர்.

பொதுவான கணக்கு இது: கடலடியிலிருந்து படகின் அணியம்வரை, அதாவது முன்மூக்கு வரை உள்ள உயரத்தைப்போல ஐந்து மடங்கு சங்கிலி. வெறும் கயிறு என்றால் ஏழு மடங்கு. நீர் ஏற்றத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். சென்னையில் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டர் அளவுதான் என்பதால் நமக்கு இந்தக் கவலை குறைவு. அந்தமானில் அது இரண்டு மீட்டரைத் தொடும். நீர் வற்றிய நேரத்தில் அளந்து போட்டுவிட்டுத் தூங்கப் போனவர், நடு இரவில் தூக்கம் கலைந்து எழ வேண்டியிருக்கும்.

[காட்சி: மேலிருந்து பார்க்கும் வரைபடம். நடுவில் நங்கூரம், சுற்றிலும் வட்டம்.]

இனி நம் ஊர்க் கணக்கு ஒன்று. ஆழம் 10 மீட்டர், அணியத்தின் உயரம் 1 மீட்டர், மொத்தம் 11. ஐந்தால் பெருக்கினால் 55 மீட்டர் சங்கிலி. அந்தப் படகு சுற்றிவரக்கூடிய வட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 9,100 சதுர மீட்டர். ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி என்று வைத்தால், 40 கிரவுண்டு! ஒரு படகை நிறுத்த இவ்வளவு இடம். அந்த வட்டம் முழுவதையும் சங்கிலி தொடாது. பலமாகக் காற்று வீசும்போது அதன் பெரும்பகுதி தரையை விட்டு எழும்பி நிற்கும். காற்று அடங்கிய இரவில்தான் ஆபத்து. 40 மீட்டருக்கும் மேல் சங்கிலி தரையில் கிடக்கும். படகு திரும்பும் பக்கமெல்லாம் அதுவும் துடைப்பம்போலப் பெருக்கிக்கொண்டு போகும்.

சென்னைக்கு வெளியே பெரும்பாலும் மணலும் சேறும். அங்கே பெருக்கினால் பெரிய நஷ்டமில்லை. பவளப் பாரில், அதாவது பவளப் பாறைத் திட்டில் பெருக்கினால் என்ன ஆகும் என்று பார்க்கலாம்.

[காட்சி: அதே மணல் தட்டு. நடுவில் ஐந்தாறு முறுக்குகள். நாயைக் கட்டும் இரும்புச் சங்கிலி ஒன்று.]

பவளத்துக்கு முறுக்கா என்று சிரிக்காதீர்கள். உறுதி ஏறக்குறைய அப்படித்தான். மேலே இருந்து அழுத்தினால் தாங்கும், பக்கவாட்டில் தட்டினால் உடையும். சங்கிலியை மெதுவாக ஒரு கால் வட்டம் இழுக்கிறேன். மெதுவாகத்தான்.

[சத்தம். தட்டின் ஒரு மூலை முழுவதும் நொறுங்கிய முறுக்கு.]

முறுக்கை நாளையே சுட்டுவிடலாம். பவளம் என்பது மிகச் சிறிய விலங்குகள் கூட்டமாகச் சேர்ந்து, சுண்ணாம்பைச் சுரந்து கட்டும் வீடு. மான்கொம்புபோலக் கிளைக்கும் வகை ஆண்டுக்குச் சுமார் 10 சென்டிமீட்டர் வளரும். உடைவதிலும் அதற்கே முதலிடம். உருண்டையாகத் திரளும் வகை ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே அதிகம். இடுப்பளவு உயரமுள்ள ஓர் உருண்டை, அதன்மேல் நங்கூரம் போடுகிறவரின் பாட்டியைவிட மூத்தது. உடைந்த துண்டுகளோடும் விஷயம் முடிவதில்லை. ஒவ்வோர் அலையிலும் அவை உருண்டு பக்கத்தில் இருப்பதையும் இடிக்கின்றன.

நம் வீட்டுக் கணக்கும் இதில் இருக்கிறது. தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள். 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. அவற்றில் விலாங்குசல்லியும் பூவரசன்பட்டியும் நீருக்குள் போய்விட்டன. சுண்ணாம்புக்காகவும் வீடு கட்டவும் சுற்றியிருந்த பவளத்தை ஆண்டுக்கணக்கில் வெட்டியெடுத்தது அதற்கு முக்கியக் காரணம். அலையை உடைக்க வேலி இல்லை என்றால் மணல் தீவு எத்தனை நாள் தாங்கும்? 2001 முதல் கடினப் பவளங்கள் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. புலிக்கு உள்ள அதே அட்டவணை.

[காட்சி: நீலக் கடல், இளநீலத் திட்டுகள், கரும்பழுப்புத் திட்டுகள்.]

அப்படியென்றால் தீவுகளில் படகை எங்கே நிறுத்துவது? கடலே நிறத்தில் எழுதிக் காட்டுகிறது. வெளிர் நீலம் என்றால் கீழே மணல். கரும்பழுப்பு என்றால் பார், அல்லது கடற்புல். கடற்புல்லும் வேண்டாம், வேரோடு பிடுங்கப்பட்ட இடம் மீண்டும் மூட ஆண்டுகள் ஆகும். ஆவுளியா என்ற கடல்பசு அதைத்தான் மேய்கிறது. 2022இல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரைத் தமிழ்நாடு அரசு அதற்கான காப்பகமாக அறிவித்தது.

இந்த நிறத்தைப் படிக்க வெயில் உச்சியில் இருக்க வேண்டும், உங்கள் முதுகுப் பக்கமாக இருக்க வேண்டும். மாலை நாலரைக்கு மேற்கே பார்த்துக்கொண்டு தீவை நெருங்கினால் கண்ணாடிபோல மின்னும், ஒன்றும் தெரியாது. காலை பத்திலிருந்து பிற்பகல் மூன்றுக்குள் இடம் பிடிப்பது நல்லது. ஒருவர் அணியத்தில் நின்று பார்க்க வேண்டும்.

நீர் கலங்கலாக இருந்தால் பழைய வழி ஒன்று கைகொடுக்கும். ஈயக்குண்டின் அடியில் ஒரு குழி. அதில் கொழுப்பையோ சோப்பையோ அப்பி, கயிற்றில் கட்டி இறக்குவார்கள். மேலே வரும்போது மணல் ஒட்டியிருக்கும், சேறு என்றால் கறுப்பாக இருக்கும், ஒன்றும் ஒட்டாமல் வெறுமனே வந்தால் கீழே கல். கடைகளில் விற்கும் ஆழமானிகளுக்கு முன்பே இது இருந்தது. இன்னும் வேலை செய்கிறது.

இடம் கிடைத்ததும் காற்றுக்கு எதிரே படகை நிறுத்தி, நங்கூரத்தை வீசாமல் இறக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே குவியலாகக் கொட்டினால் சங்கிலி தன் நங்கூரத்திலேயே சிக்கும். படகு பின்னால் போகப் போக நீளவாட்டில் விட வேண்டும். பிறகு என்ஜினை மெதுவாகப் பின்னோக்கி இயக்கினால் கவ்வியதா என்று தெரிந்துவிடும். கரையில் இரண்டு பொருள்களை ஒரே கோட்டில் பிடித்துவைப்பது நம் மீனவர்களின் வழக்கம். மெரினா கலங்கரை விளக்கமும் சாந்தோம் கோபுரமும் போல. கோடு விலகினால் நங்கூரம் இழுபடுகிறது என்று பொருள். முகக்கண்ணாடி போட்டு ஒருமுறை குதித்துப் பார்ப்பது இதையெல்லாம் விட நிச்சயமானது. ஏனோ பலர் இதைச் செய்வதில்லை.

[காட்சி: நீருக்கடியில் ஒரு மிதவையின் கயிறு, தரையிலிருந்து மேற்பரப்புவரை.]

மணலே இல்லாத இடத்தில் நங்கூரமே போடக்கூடாது. அங்கே நிலையான மிதவை வேண்டும். மீனவர்கள் போயா என்று சொல்வது. அதைப் போட காங்கிரீட் கட்டி ஒன்றை இறக்கினால் போதும் என்று தோன்றும். தரையில் ஒரு டன் எடையுள்ள காங்கிரீட், கடல்நீருக்குள் 570 கிலோ அளவுதான் எடை காட்டும். மீதியை நீரே தாங்கிக்கொள்கிறது. பெரிய படகு இழுத்தால் அந்தக் கட்டி ஊர்ந்து, தானே பவளத்தை நசுக்கும்.

ஃபுளோரிடாவில் ஜான் ஹாலஸ் என்பவர் 1981இல் இதற்கு வேறொரு வழி செய்தார். பாறையில் குறுகிய துளையிட்டு, துருப்பிடிக்காத எஃகு வளையத்தைச் சிமென்டால் பதிப்பது. மணல் தரை என்றால் பெரிய திருகைத் திருகி இறக்கலாம். இதில் எனக்கு மிகவும் பிடித்தது நடுவில் உள்ள சின்ன மிதவை. வளையத்திலிருந்து எழும் கயிற்றை அது எப்போதும் நிமிர்த்தி வைக்கிறது. அதனால் கயிறு தொய்ந்து தரையைப் பெருக்குவதில்லை. நாற்பது கிரவுண்டு, ஒரு கைப்பிடி வளையத்துக்குச் சுருங்கிவிடுகிறது.

மிதக்கும் எதுவும் போயா ஆகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வலைக்கும் மீன் பிடிக்கும் கூட்டுக்கும் போட்ட மிதவையில் படகைக் கட்டினால், ஒரு குடும்பத்தின் அன்றைய பிழைப்பை அறுத்துவிடுவீர்கள். உண்மையான போயாவில் எத்தனை டன் வரை என்று எழுதியிருந்தால் அதைப் படியுங்கள். அதன் கண்ணியில் உங்கள் சொந்தக் கயிற்றைக் கோத்து, அணியத்தில் கட்டுங்கள், பின்பக்கத்தில் அல்ல. பின்பக்கம் கட்டினால் அலை உள்ளே ஏறும்.

[காட்சி: அந்தமான், வண்டூர் படகுத்துறை.]

சொந்தப் படகு இல்லாதவர்களுக்கும் இதில் வேலை உண்டு. சென்னையிலிருந்து கப்பலில் மூன்று நாளில் போய்ச் சேரும் அந்தமானில், 1983இல் அமைந்த கடல்சார் பூங்கா ஒன்று வண்டூரில் இருக்கிறது. அதன் ஜாலி பாய் தீவையும் ரெட் ஸ்கின் தீவையும் ஆண்டில் மாற்றி மாற்றித்தான் திறக்கிறார்கள், பவளத்துக்கு ஓய்வு கிடைக்கட்டும் என்று. அந்தப் ‘பாய்’ ஆங்கிலத்தில் மிதவையைக் குறிக்கும் சொல். எந்தத் தீவுக்குப் போனாலும் படகுக்காரரிடம், “அண்ணே, நங்கூரம் மணலிலா விழுகிறது?” என்று கேளுங்கள். அங்கே தமிழ் பேசும் படகுக்காரர்களுக்குப் பஞ்சமில்லை. கோபித்துக்கொள்ள மாட்டார்கள், பாரில் சிக்கிய நங்கூரத்தை மீட்பது அவர்களுக்கும் தலைவலி.

[காட்சி: மெதுவாக நகரும் படகு. நேராகத் தொங்கும் கயிறு.]

எடுக்கும்போது, கயிற்றை இழுத்துப் படகை நகர்த்தாதீர்கள். என்ஜினை மெல்ல இயக்கி நங்கூரத்துக்கு நேர் மேலே வாருங்கள், கயிறு செங்குத்தாக நிற்கட்டும், பிறகு தூக்குங்கள். முட்கரண்டி வந்ததுபோல வந்துவிடும்.

மேலே வந்ததும் உடனே கழுவிவிடாதீர்கள். கொக்கியில் என்ன ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள். காசிமேட்டில் என்றால் கருஞ்சேறு. தீவுகளில் வெள்ளை மணல் இருந்தால் சரியான இடத்தில் போட்டிருக்கிறீர்கள். ஒரு புல் இதழோ, புதிதாக முறிந்த வெள்ளைத் துண்டோ இருந்தால், அந்த இடத்தை வரைபடத்தில் குறித்து வைத்துவிட்டு, அடுத்த முறை ஐம்பது மீட்டர் தள்ளிப் போடுங்கள்.