வலது கார்டைத் தேடி

அனைவருக்கும் வணக்கம்.

கிளீவ்லாந்து பக்கம் குடியிருக்கும் நமக்கு ஞாயிற்றுக்கிழமை மதியம் எப்படிப் போகும் என்று சொல்லத் தேவையில்லை. செப்டம்பர் பிறந்துவிட்டால் பக்கத்து வீட்டுக்காரர் ஆரஞ்சு சட்டையை மாட்டிக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவார். சாயங்காலம் குப்பைத் தொட்டியை வெளியே இழுத்து வைக்க வரும்போது அவர் முகத்தைப் பார்த்தாலே நம்ம ஊர் அமெரிக்கக் கால்பந்து அணி பிரவுன்ஸ் ஜெயித்ததா தோற்றதா என்று தெரிந்துவிடும். ரொம்ப வருஷம் அந்த முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. 2016-இல் 16 ஆட்டங்களில் ஒரே ஒரு வெற்றி. 2017-இல் அதுவும் இல்லை, பதினாறும் தோல்வி.

அப்படிக் கிடந்த அணி 2020-இல் 11 ஆட்டங்களை ஜெயித்து, 18 வருஷத்துக்குப் பிறகு பிளேஆஃபுக்கு, அதாவது சீசன் முடிந்ததும் சிறந்த அணிகள் மோதும் நாக்-அவுட் சுற்றுக்கு, போனது. பந்தை வீசும் குவார்ட்டர்பேக் பேக்கர் மேஃபீல்டைப் பற்றி எல்லோரும் பேசிவிட்டார்கள். நான் அவருக்கு முன்னால் நின்ற ஐந்து பேரைப் பற்றித்தான் பேசப் போகிறேன். அதிலும் குறிப்பாக ஒரே ஓர் இடத்தைப் பற்றி: வலது கார்ட்.

ஆட்டம் புதிதாகப் பார்க்கிறவர்களுக்காக ஒரு நிமிஷம். நடுவில் குனிந்து பந்தைப் பின்னால் கொடுப்பவர் சென்டர். அவருக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு கார்ட், அவர்களுக்கு வெளியே ஒவ்வொரு டேக்கிள். இந்த ஐந்து பேர்தான் ஆஃபென்ஸிவ் லைன். வழக்கமான ஆட்டத்தில் இவர்கள் பாஸ் வாங்க முடியாது, பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவதும் இல்லை. எதிராளியைத் தடுப்பதே வேலை. பந்து குவார்ட்டர்பேக் கைக்கு வந்ததிலிருந்து அவர் வீசும்வரை இரண்டரை, மூன்று வினாடி. அதற்குள் ஐந்தில் ஒருவர் ஏமாந்தாலும் குவார்ட்டர்பேக் தரையில் கிடப்பார். கபடியில் கைகோத்து நிற்கும் சங்கிலியில் ஒருவர் மட்டும் அவசரப்பட்டுப் பாய்ந்தால் ரெய்டர் எந்த வழியாகத் தப்பிப்பார் என்று பார்த்திருப்பீர்களே, அதே கதைதான்.

ஒருவர் எவ்வளவு சிறந்தவராக இருந்தாலும் அவர் மட்டுமே வரிசை ஆகிவிட முடியாது. இதை இந்த ஊரைவிட வலியோடு தெரிந்துகொண்ட ஊர் கிடையாது. ஜோ தாமஸ் இங்கே இடது டேக்கிளாக 2007 முதல் 2017 வரை ஆடினார். தொடர்ந்து 10,363 ஸ்னாப் (சென்டர் பந்தைக் கொடுத்து ஆட்டம் தொடங்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு ஸ்னாப்), ஒன்றுகூட விடவில்லை. அவ்வளவு ஆடியும் ஒரு பிளேஆஃப் ஆட்டத்தில் அவர் கால் வைத்ததில்லை. 2023-இல் ஹால் ஆஃப் ஃபேமில் அவரைச் சேர்த்தார்கள். எனக்கு அன்றைக்குச் சந்தோஷத்தைவிட வருத்தம்தான் அதிகமாக இருந்தது.

சரி, வலது கார்டுக்கு வருவோம். 2018-இல் அந்த இடத்தில் கெவின் ஸைட்லர் இருந்தார். நல்ல ஆட்டக்காரர், வாரம் தவறாமல் நிற்பவர். 2019 மார்ச்சில் அவரை நியூயார்க் ஜயன்ட்ஸுக்குக் கொடுத்துவிட்டு, எதிரணிக் குவார்ட்டர்பேக்கைத் துரத்திப் பிடிக்கும் ஒலிவியே வெர்னானை வாங்கினார்கள். அதே நாட்களில் அதே அணியிடமிருந்து ஓடெல் பெக்கம் ஜூனியரும் வந்தார். ஊரே கொண்டாடியது. ஸைட்லர் போனதைப் பற்றி அன்று கவலைப்பட்டவர்கள் குறைவு. பந்து பிடிக்க உலகத்தரமான ஆள் வந்தாயிற்று. அந்தப் பந்தை வீசப் போகிறவரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தவரை அனுப்பியாயிற்று. இது பெரிய தப்பு என்று அன்றே பட்டது, இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அவர்கள் கணக்கு இப்படி இருந்தது. 2018 டிராஃப்டில், அதாவது கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் முறை வைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், இரண்டாம் சுற்றின் முதல் ஆளாக, மொத்தத்தில் 33-ஆவதாக, ஆஸ்டின் கார்பெட்டை எடுத்திருந்தார்கள். அவர் அந்த இடத்தை நிரப்புவார் என்று நம்பினார்கள். நிரப்பவில்லை. எரிக் குஷ்ஷை நிறுத்தினார்கள், அதுவும் சரிவரவில்லை. அக்டோபரில் கார்பெட்டை ராம்ஸ் அணிக்குக் கொடுத்துவிட்டு, டிராஃப்டின் ஐந்தாம் சுற்றில் ஓர் ஆளை எடுக்கும் உரிமையை வாங்கிக்கொண்டார்கள். அந்த சீசனில் மேஃபீல்ட் 40 முறை பந்தோடு தரையில் வீழ்த்தப்பட்டார், 21 இன்டர்செப்ஷன் கொடுத்தார், அதாவது வீசிய பந்தை எதிரணி பிடித்துக்கொண்டது. ஆறு வெற்றி, பத்துத் தோல்வி. கோச்சின் வேலை போனது, ஜெனரல் மேனேஜரும் போனார்.

இதே கார்பெட் 2022 பிப்ரவரியில் ராம்ஸ் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலை ஜெயித்தபோது எங்கே நின்றார் தெரியுமா? வலது கார்டில். இங்கே எந்த இடத்துக்குத் தேறமாட்டார் என்று அனுப்பினார்களோ, அதே இடம்.

இதை யோசித்துப் பாருங்கள். ஆள் அதே ஆள். உடம்பு அதே உடம்பு. அப்படியென்றால் குறை அவரிடம் மட்டும் இருந்திருக்க முடியாது.

அதே 2019-இல், ஆகஸ்ட் கடைசியில், இன்னொரு டிரேடும் நடந்தது. பஃபலோ பில்ஸ் அணியில் வயட் டெல்லர் என்று ஓர் இளைஞர், ஐந்தாம் சுற்றில் எடுக்கப்பட்டவர். அவரையும் ஒரு ஏழாம் சுற்று உரிமையையும் வாங்கிக்கொண்டு பிரவுன்ஸ் ஓர் ஐந்தாம் சுற்றையும் ஓர் ஆறாம் சுற்றையும் கொடுத்தது. செய்தித்தாளில் ஒரு மூலையில் வரும் அளவுக்கான விஷயம். சீசன் கிட்டத்தட்ட பாதி போன பிறகு அவருக்கு வலது கார்ட் இடம் கிடைத்தது. ஒன்பது ஆட்டம் ஆடினார். பரவாயில்லை என்று சொல்லலாம், அதற்கு மேல் அப்போது யாரும் சொல்லவில்லை.

2020 ஜனவரியில் கெவின் ஸ்டெஃபான்ஸ்கி தலைமைக் கோச்சாக வந்தார். ஆண்ட்ரூ பெர்ரி ஜெனரல் மேனேஜர். ஆஃபென்ஸிவ் லைனுக்கு என்று பில் காலஹானைக் கொண்டுவந்தார்கள். ரெய்டர்ஸ் அணியை சூப்பர் பௌல் வரை கொண்டுபோன தலைமைக் கோச் அவர். டல்லாஸில் அவர் லைனைப் பார்த்துக்கொண்டபோது, 2014-இல், பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் டிமார்க்கோ மர்ரே 1,845 கெஜம் ஓடினார். இவ்வளவு பார்த்த மனிதர் மறுபடியும் ஐந்து பேருக்குக் கால் வைக்கக் கற்றுக்கொடுக்க வந்தார். எனக்கு அவர் மேல் உள்ள மரியாதையே இதனால்தான்.

அந்த வருஷம் அவர்கள் காரியங்களைச் செய்த வரிசைதான் முக்கியம். முதலில் எந்த மாதிரி ஆடப் போகிறோம் என்று முடிவு செய்தார்கள்: மொத்த வரிசையும் ஒரே திசையில் பக்கவாட்டாக நகர்ந்து, எதிராளிகளை இழுத்துக்கொண்டே போய், ஓடுகிறவருக்கு எங்கே இடைவெளி கிடைக்கிறதோ அங்கே வெட்டிப் புகவிடும் ஆட்டம். வைடு ஸோன் என்பார்கள். அதற்கு அப்புறம்தான் சந்தைக்குப் போனார்கள். டென்னஸியில் அதே பாணியில் ஆடிக்கொண்டிருந்த ஜேக் காங்க்ளினை மூன்று வருஷத்துக்கு 42 மில்லியன் டாலர் கொடுத்து வலது டேக்கிளாக எடுத்தார்கள். அவருக்கு அந்தப் பாடத்தைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. டிராஃப்டில் பத்தாவது ஆளாக அலபாமாவின் ஜெட்ரிக் வில்ஸ். இடது கார்ட் ஜோயல் பிட்டோனியோவும் சென்டர் ஜேசி டிரெட்டரும் ஏற்கெனவே இருந்தார்கள்.

வில்ஸ் விஷயம் தனி. கல்லூரியில் அவர் வலது டேக்கிள். இங்கே இடதுபக்கம் நிறுத்தினார்கள். பார்க்கிறவர்களுக்கு நாலு அடி தள்ளி நிற்கிற மாதிரிதான் தெரியும். ஆனால் எந்தக் காலை முன்னே வைப்பது, எந்தக் கை முதலில் போவது, எந்தப் பக்கம் இடுப்பைத் திருப்புவது எல்லாமே கண்ணாடியில் தெரிகிற மாதிரி மாறிவிடும். வலது கையால் எழுதிப் பழகியவரை இடது கையால் எழுதச் சொல்வது போல. கொரோனா காரணமாக அந்த வருஷம் சீசனுக்கு முந்தைய பயிற்சி ஆட்டம் ஒன்றுகூட கிடையாது. நேராக சீசனில் இறங்கினார்.

2021 ஆகஸ்டில் பெரியா என்ற ஊரில் நடந்த பிரவுன்ஸ் பயிற்சி முகாமுக்குப் பையனை அழைத்துக்கொண்டு போனேன். கூட்டமெல்லாம் மேஃபீல்ட் வீசுவதைப் பார்க்க ஒரு பக்கம் நின்றது. நான் ஓரத்தில் லைன்மேன்கள் இருந்த பக்கம் போய் நின்றேன். பந்தே இல்லை. 140 கிலோ இருக்கும் ஓர் இளைஞர் குனிந்து நிற்கிறார். சத்தம் கேட்டதும் வலது காலைப் பக்கவாட்டில் ஓர் அடி வைக்கிறார். அவ்வளவுதான். திரும்பி வந்து குனிகிறார், மறுபடியும் அதே அடி. ஒரு பயிற்சியாளர் பக்கத்தில் வந்து தன் காலணி முனையால் அவர் காலணியை நாலு விரல் அகலம் உள்ளே தள்ளிவைத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. மறுபடியும் சத்தம், மறுபடியும் அடி. பையன் 'அப்பா, இவர் என்னப்பா பண்றார்?' என்று கேட்டான்.

அந்த நாலு விரல்தான் விஷயம். முதல் அடி அகலமாகப் போனால் எதிராளி உள்பக்கமாக நுழைந்துவிடுவார், குறுகலாக வைத்தால் வெளிப்பக்கம் தாண்டிவிடுவார். அதைவிடக் கடினம் இரண்டு பேர் சேர்ந்து செய்வது. கார்டும் டேக்கிளும் இடுப்போடு இடுப்பு ஒட்டி ஒரே எதிராளியைத் தள்ளுவார்கள், கண் மட்டும் அவருக்குப் பின்னால் நிற்கும் லைன்பேக்கர் மேல் இருக்கும். அவர் எந்தப் பக்கம் வருகிறாரோ அந்தப் பக்கத்து ஆள் பிரிந்து போய் அவரைப் பிடிக்க வேண்டும். யார் பிரிவது, எப்போது பிரிவது என்று பேசி முடிவு செய்ய நேரம் கிடையாது. பாஸ் சமயத்தில் எதிரணியின் இரண்டு பேர் குறுக்கும் மறுக்குமாக ஓடி இடம் மாற்றிக் குழப்புவார்கள். தன் ஆளைப் பக்கத்திலிருப்பவரிடம் ஒப்படைத்துவிட்டு, வருகிற புது ஆளை வாங்கிக்கொள்ள வேண்டும். பக்கத்திலிருப்பவர் வாங்கிக்கொள்வார் என்று நம்பாவிட்டால் இது நடக்காது. சேர்ந்து ஆயிரம் முறை செய்து பார்க்காமல் அந்த நம்பிக்கையும் வராது.

டெல்லர் 2020-இல் அடையாளம் தெரியாத அளவுக்கு மாறினார். தன் இடத்தை விட்டு இழுபட்டு ஓடி, மறுபக்கம் போய், வழியில் நிற்கும் லைன்பேக்கரை அவர் வீழ்த்திய காட்சிகளைத் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டினார்கள். அந்த சீசனில் ஆல்-புரோ என்ற, வருஷத்தின் சிறந்த ஆட்டக்காரர்கள் பட்டியலின் இரண்டாம் அணியில் இடம் கிடைத்தது. காங்க்ளினுக்கு முதல் அணி. மேஃபீல்ட் வீழ்த்தப்பட்டது 26 முறை, இன்டர்செப்ஷன் எட்டாகக் குறைந்தது. பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் நிக் சப் 12 ஆட்டத்திலேயே 1,067 கெஜம் ஓடினார். மறுவருஷம் டெல்லருக்கு நான்கு வருஷத்துக்கு 56.8 மில்லியன் டாலரில் ஒப்பந்தம் போட்டார்கள்.

எல்லாப் பெருமையும் லைனுக்கே என்று நான் சொல்லமாட்டேன். ஸ்டெஃபான்ஸ்கி குவார்ட்டர்பேக்கை ஓரமாக ஓடவிட்டு வீசவைத்தார், அதனாலும் அடி குறைந்தது. ஆனால் ஓடுவதுபோல் நம்பவைத்தால்தானே எதிரணி ஏமாறும்? நம்பவைத்தது இந்த ஐந்து பேர்தான்.

கற்பித்தலின் பலம் எனக்கு இன்னும் தெளிவாகத் தெரிந்தது 2023-இல். முதல் ஆட்டத்திலேயே காங்க்ளின் காயம், நவம்பரில் வில்ஸ் காயம். நான்காம் சுற்றில் வந்த புதுப் பையனையும் மாற்று ஆட்களையும் வைத்து ஒப்பேற்றினார்கள். ஐந்து பேர் குவார்ட்டர்பேக்காகத் தொடங்கிய அந்த வருஷத்திலும் 11 வெற்றி. 2024-இல் காலஹான் தன் மகன் பிரையன் தலைமைக் கோச்சாக இருந்த டென்னஸிக்குப் போனார். பிரவுன்ஸ் அந்த வருஷம் 3 வெற்றி, 14 தோல்வி. குவார்ட்டர்பேக் டெஷான் வாட்சன் ஏழு ஆட்டத்தில் 33 முறை வீழ்த்தப்பட்டார், அதில் அவர் பந்தை வைத்துக்கொண்டு தாமதித்ததும் உண்டு. டென்னஸியும் அந்த வருஷம் 3 வெற்றி, 14 தோல்விதான். காலஹான் போய் நின்றதும் எல்லாம் சரியாகிவிடவில்லை. டெல்லரைப் போல ஓர் ஆளைக் கண்டெடுத்துக் கையில் கொடுக்கவும் வேண்டும், கொடுத்த ஆளோடு இரண்டு வருஷம் பொறுமையாக இருக்கவும் வேண்டும். அணி நடத்துகிறவர்கள் இதில் ஒன்றைச் செய்துவிட்டு மற்றதை விட்டுவிடுகிறார்கள்.

ஒரே ஓர் ஆட்டத்தைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். 2021 ஜனவரி 10, பிட்ஸ்பர்கில் பிளேஆஃப். கொரோனாவால் ஸ்டெஃபான்ஸ்கி வர முடியவில்லை, வீட்டு பேஸ்மென்ட்டில் உட்கார்ந்து பார்த்தார். பிட்டோனியோவுக்கும் தொற்று. 2014-இல் டிராஃப்டில் வந்தவர், 0-16 சீசனைக் கடந்தவர், ஏழாவது வருஷத்தில் முதல் பிளேஆஃப் வந்தபோது ஆட முடியாமல் வீட்டில் இருந்தார். அந்த வாரம் பயிற்சிக்கூடமும் பெரும்பாலும் மூடிக் கிடந்தது. அவர் இடத்தில் மைக்கேல் டன் தொடங்கினார். இந்த லீகான என்எஃப்எல்லில் அவருக்கு அதுதான் முதல் தொடக்கம். நான்காம் குவார்ட்டரில் அவருக்கும் அடிபட்டது. பிளேக் ஹான்ஸ் உள்ளே வந்தார். அணிக்கு வந்தே சில நாள்தான். ஆட்டத்துக்கு முன் உடைமாற்றும் அறையில்தான் அவரிடம் முதன்முறையாகத் தன்னை அறிமுகம் செய்துகொண்டதாக மேஃபீல்ட் பிறகு சொன்னார்.

அன்று 48-37 என்று பிரவுன்ஸ் ஜெயித்தது. மேஃபீல்ட் ஒருமுறைகூட வீழ்த்தப்படவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் அந்தக் குளிரில் சட்டையோடு வெளியே ஓடிவந்து பனியில் நின்று கத்தினார். நானும் போய் அவரோடு நின்றேன்.

அடுத்த ஞாயிறு கான்சஸ் சிட்டியில் 22-17 என்று தோற்றார்கள். இடது கார்ட் இடத்தில் அன்று பிட்டோனியோ நின்றார்.

நன்றி, வணக்கம்.