போதகர் பட்டியல் மட்டும் வரலாறு ஆகாது

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு சிறிய ஊரின் மெதடிஸ்த சபைக்கு நூற்றைம்பதோ இருநூறோ ஆண்டு நிறைந்தால் உடனே ஒரு மலர் வெளிவரும். முதற்பாதி முழுக்க ஆசிச்செய்தி. பின்பாதியில் எங்கோ இரண்டு பக்கம் ‘எமது சபையின் வரலாறு’. அதிலும் ஒன்றரைப் பக்கத்தைக் குருமாரின் பெயர்ப்பட்டியல் பிடித்துக்கொள்ளும். மற்றச் சபைகளுக்கு இது ஓரளவு பொருந்தலாம், மெதடிஸ்த சபைக்குப் பொருந்தாது. இங்கே குருவானவர் ஓரிடத்தில் நிலைப்பதில்லை. சில ஆண்டுகளில் இடமாற்றம் வரும், பெட்டியைக் கட்டிக்கொண்டு அடுத்த சேகரத்துக்கு (பல சபைகள் சேர்ந்த பிரிவுக்கு)ப் போய்விடுவார். ஊரில் இருந்து சபையைக் கொண்டுநடத்தியவர்கள் வகுப்புத் தலைவர்கள், சபையின் பணத்தையும் பொருளையும் பார்த்த உக்கிராணக்காரர், குருப்பட்டம் இல்லாமலே போதித்த உபதேசியார், மிஷன் பள்ளி ஆசிரியர். இவர்களுடைய வரலாறு பதிவேடுகளிலும் கணக்குப் புத்தகங்களிலும்தான் கிடக்கிறது. அவற்றைப் படிக்கும் முறையைத்தான் இன்று பேசப்போகிறேன். உதாரணத்துக்கு மட்டக்களப்பை எடுத்துக்கொள்கிறேன்.

முதற் சிக்கல் தொடக்க ஆண்டு. இங்கிலாந்தின் மெதடிஸ்த தலைவர்களில் ஒருவரான கலாநிதி தோமஸ் கோக் தலைமையில் புறப்பட்ட மிஷனரிமார் 1814 ஜூன் 29ஆம் திகதி காலியில் இறங்கினார்கள். கோக் அவர்களோடு இல்லை. மே 3ஆம் திகதி நடுக்கடலில், கப்பலிலேயே இறந்துபோனார். பயணத்துக்கான பணமெல்லாம் அவர் பெயரில் இருந்ததால், பம்பாயில் இறங்கியபோது மற்றவர்கள் கையில் காசில்லை. அங்கிருந்த வணிகர் ஒருவர் கடன் கொடுத்துத்தான் இலங்கை வந்து சேர்ந்தார்கள். காலியில் ஜூலை 11ஆம் திகதி கூடி ஊர்களைப் பிரித்துக்கொண்டார்கள். லிஞ்சும் ஸ்குவான்சும் யாழ்ப்பாணம், எர்ஸ்கின் மாத்தறை, கிளஃப் காலி, வில்லியம் ஓல்ட் மட்டக்களப்பு. ஓல்டின் மனைவி வரும் வழியிலேயே கடலில் இறந்துவிட்டார். ஓல்ட் தனியாக மட்டக்களப்புக்கு வந்து பள்ளிக்கூடம் தொடங்கினார். 1815 ஏப்ரல் முதலாம் திகதி அவரும் இறந்தார். காலியில் பிரிந்ததிலிருந்து கணக்கிட்டாலும் ஒன்பது மாதம் நிறையவில்லை.

ஆகவே 1814 என்பது மிஷனரி வந்த ஆண்டு. உறுப்பினர் பட்டியலோடு ஒரு சபை எழுந்த ஆண்டு என்று அதை எடுத்துக்கொள்ளக்கூடாது. எந்த ஊர்ச் சபைக்கும் நான்கு திகதிகளைத் தனித்தனியாக எழுதுங்கள்: முதல் ஆராதனை, முதல் ஞானஸ்நானம், முதல் வகுப்பு, கட்டடப் பிரதிஷ்டை. இவற்றுக்கிடையே பல ஆண்டுகள் ஓடியிருக்கலாம். அடிக்கல்லில் வெட்டியிருக்கும் ஆண்டைச் சபையின் ஆண்டாக எழுதிவிடுவதுதான் வழமையான பிழை. ஓட்டுக் கட்டடம் எழும்புவதற்கு முன்னர் அதே சபை கிடுகுக் கொட்டிலில் எத்தனையோ காலம் கூடியிருக்கக்கூடும்.

வகுப்பு என்று சொன்னேன். பள்ளிக்கூட வகுப்பல்ல. 1742 பெப்ரவரியில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில், கட்டடக் கடனை அடைப்பதற்காகப் பன்னிரண்டு பன்னிரண்டு பேராகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்கும் ஒருவர் வாரம் ஒரு பென்னி தண்டுவதென்று தீர்மானித்தார்கள். காசு தண்டப் போனவர் வீட்டு நிலவரத்தையும் பார்த்து வந்தார். மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லி அதைப் பிடித்துக்கொண்டு, தண்டற்காரரை ஆத்தும விசாரிப்புக்காரர் ஆக்கிவிட்டார். கடனில் பிறந்த ஒழுங்கு, முழு இயக்கத்துக்கும் முதுகெலும்பாகிவிட்டது. காலாண்டுக்கொருமுறை உறுப்பினருக்குச் சிறு சீட்டு ஒன்று கொடுப்பார்கள். அதில் ஒரு வேதவாக்கியமும் அந்தக் காலாண்டுக்குரிய எழுத்தும் இருக்கும். பழைய வீடுகளில் வேதாகமத்துக்குள் இப்படி ஒரு சீட்டு அகப்பட்டால் எறிந்துவிடாதீர்கள். ஒருவர் அந்தக் காலாண்டில் உறுப்பினராக இருந்தார் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

இனி ஞானஸ்நானப் பதிவேடு. ஒரு வரியை எடுத்து விரலை வைத்து வாசியுங்கள். பிறந்த திகதி, ஞானஸ்நானத் திகதி, பெயர், தாய் தகப்பன் பெயர், இருப்பிடம், தகப்பன் தொழில், குருவின் கையொப்பம். பிறப்புக்கும் ஞானஸ்நானத்துக்கும் இடையே சில வாரமோ சில மாதமோ என்றால் அது பெரும்பாலும் ஏற்கெனவே சபையிலிருந்த குடும்பம். இருபது வருட இடைவெளி என்றால் வளர்ந்தபின் சேர்ந்தவர். ஒரே நாளில், ஒரே தகப்பன் பெயரில், வயது இறங்கிக்கொண்டே போகும் நான்கு வரிகள் இருந்தால் ஒரு குடும்பம் முழுதாக வந்த நாள் அது. அந்த நாள் சபை வரலாற்றில் ஒரு பந்திக்கு உரியது. அன்று யார் குருவாக இருந்தார் என்பது அதற்கு அடுத்ததுதான்.

தொழில் நிரலைக் கவனியுங்கள். தச்சர், மீன்பிடிகாரர், எழுதுவினைஞர், ஆசிரியர் என்று பத்துப் பத்து ஆண்டுகளாகக் கூட்டிப்பார்த்தால் சபை எந்தச் சமூகங்களிலிருந்து எழுந்தது, எப்படி மாறியது என்று தெரியும். சாதியை எழுதக் கூச்சப்படுகிற மலர்களில்கூட இந்த நிரல் அதைச் சொல்லிவிடும். இருப்பிட நிரல் இன்னொன்று. ஊரின் எந்தத் தெருவிலிருந்து சபை அடுத்த கிராமத்துக்குப் பரவியது என்பது அதில் தெரியும்.

கையொப்பத்தையும் விடாதீர்கள். குருமார் பட்டியலை ஆண்டுதோறும் அச்சான நியமனப் பட்டியலைப் பார்த்து எழுதுவார்கள். நியமனம் வேறு, வந்து சேர்ந்தது வேறு. நோயில் விழுந்தவர், வழியிலேயே வேறிடம் அனுப்பப்பட்டவர் எல்லாரும் அந்தப் பட்டியலில் இருப்பார்கள். பதிவேட்டில் முதற் கையொப்பமும் கடைசிக் கையொப்பமும் எந்தத் திகதியில் விழுந்திருக்கின்றன என்று பாருங்கள். அதுதான் நிஜமான சேவைக்காலம்.

பெயர்களில் இரண்டு பொறி உண்டு. ஒரே ஆள் ஞானஸ்நானத்தில் யோவான், திருமணப் பதிவில் ஜோன், கணக்கில் வீட்டுப்பெயர். மூன்று பேராக எண்ணிவிடுவோம். தகப்பன் பெயரையும் இருப்பிடத்தையும் சேர்த்துப் பார்க்காமல் ஒருவரை எண்ணக்கூடாது. மற்றது நன்கொடையாளர் பெயர். யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷன் விடுதிப் பள்ளிகளில் பிள்ளையின் செலவைப் பொறுப்பேற்ற அமெரிக்கரின் பெயரையே பிள்ளைக்கு வைத்தார்கள். பழைய ஏட்டில் ஆங்கிலக் குடும்பப்பெயர் கண்டவுடன் பறங்கியர் என்று எழுதிவிடாதீர்கள்.

உறுப்பினர் தொகையில் அநேகமாக எல்லாரும் தவறுகிறார்கள். முழு உறுப்பினர், சோதனைக்கால உறுப்பினர், சபையோடு சேர்ந்து நடப்பவர் என்று வெவ்வேறு நிரல்கள். முழு உறுப்பினர் நாற்பது என்றால் ஞாயிறு ஆராதனையில் நூற்றைம்பது பேர் இருந்திருக்கலாம். ஒரு வருடம் முதல் நிரலையும் அடுத்த வருடம் கூட்டுத்தொகையையும் எடுத்து ‘சபை மும்மடங்காய் வளர்ந்தது’ என்று எழுதுவது சங்கடமான பிழை. குறைந்தாலும் அப்படித்தான். நீக்கல் நிரலில் காரணம் இருக்கும்: மரணம், விலகல், இடமாற்றம். கொழும்புக்கு உத்தியோகம் பார்க்கப் போனவர்களைப் பின்வாங்கிப்போனவர்கள் என்று எழுதினால், அவர்களுடைய பேரப்பிள்ளைகள் சண்டைக்கு வருவார்கள். நியாயமான சண்டை.

கணக்குப் புத்தகத்தில் நாணயத்தைக் கவனியுங்கள். தொடக்க காலத்தில் ஒல்லாந்தர் காலத்திலிருந்து வந்த றிக்ஸ் டொலர், 1825க்குப் பின் பவுண், சிலிங், பென்ஸ், 1872 முதல் ரூபாய், சதம். ஒரு றிக்ஸ் டொலர் ஒன்றரைச் சிலிங், ஒரு ரூபாய் இரண்டு சிலிங். அப்படிப் பார்த்தால் ஒரு றிக்ஸ் டொலர் 75 சதம். மாற்றாமல் கூட்டினால் காணிக்கை ஒரே வருடத்தில் விழுந்ததுபோலவோ ஏறியதுபோலவோ தோன்றும். பிடியரிசி வரவையும் விடாதீர்கள். உலை வைக்குமுன் ஒரு பிடியை வேறு பானையில் போட்டுவைத்த பெண்களின் பங்கு அதில் மட்டும்தான் பதிவாகியிருக்கும். கணக்கில் வேறெங்கும் அவர்கள் பெயர் பெரும்பாலும் இருக்காது.

பள்ளிக்கூடத்தை ஒதுக்கிவிட்டுச் சபை வரலாறு எழுத முடியாது. மட்டக்களப்பு மெதடிஸ்த மத்திய கல்லூரி ஓல்ட் தொடங்கிய பள்ளியின் தொடர்ச்சி, வின்சன்ட் மகளிர் பள்ளி 1820ஐத் தன் தொடக்கமாகக் கொள்கிறது. கிராமங்களில் ஆசிரியரே உபதேசியார், பள்ளி மண்டபமே ஞாயிறு ஆராதனை மண்டபம். 1960 டிசம்பரில் உதவி நன்கொடைப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோது இந்தப் பிணைப்பு அறுந்தது. சம்பளமும் இடமாற்றமும் அரசின் கைக்குப் போயின. ஆசிரியர் வேறு ஊருக்கு மாற்றப்பட்டால் அந்தக் கிராமத்தின் பிரசங்கமும் நின்றது. 1964இல் இலங்கை மெதடிஸ்த திருச்சபை தன்னாட்சி பெற்றதை எல்லா மலரும் எழுதும். சிறிய ஊர்ச் சபையை அதைவிடக் கூடுதலாக உலுக்கியது 1960 என்பது என் கணிப்பு.

பதிவேடே இல்லையென்றால்? கிழக்கில் இது சாதாரணம். 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளி, இடப்பெயர்வுகள், 2004 டிசம்பர் 26ஆம் திகதிச் சுனாமி. முதலில் திருமணப் பதிவின் பிரதிக்காக மாவட்டப் பதிவாளரிடம் போங்கள். மிஷனரிமார் அனுப்பிய கடிதங்களும் சினட் (திருச்சபையின் ஆண்டுப் பேரவை) குறிப்புகளும் லண்டன் பல்கலைக்கழகத்தின் சோஆஸ் (SOAS) நூலகத்தில் இருக்கின்றன. அங்கே மெதடிஸ்த என்று மட்டும் தேடினால் பாதிதான் அகப்படும். 1932இல் பிரித்தானிய மெதடிஸ்த சபைகள் ஒன்றிணையும்வரை நம்முடையது வெஸ்லியன் மிஷன். வயதானவர்களிடம் ஆண்டைக் கேட்காதீர்கள், சரியாக வராது. “57 வெள்ளத்துக்கு முந்தியா பிந்தியா? சூறாவளிக்கு எத்தனை வருடம் முன்?” என்று கேளுங்கள். விடை சட்டென்று வரும்.

கல்லறைக் கல்லைக் கம்பித் தூரிகையாலும் அமிலத்தாலும் தேய்க்காதீர்கள். நல்ல தண்ணீரும் மெல்லிய தூரிகையும் போதும். எழுத்துத் தேய்ந்திருந்தால் பொழுதுபட்டபின் டோர்ச் லைட்டைக் கல்லின் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். நிழல் விழுந்து எழுத்து எழும்பும்.

பதிவேட்டைக் கையாளுவது பற்றியும் சொல்லவேண்டும். வாசிக்கத் தொடங்குமுன் அட்டை முதல் அட்டை வரை, வெற்றுப் பக்கம் உட்பட, படம் எடுத்துவிடுங்கள். ஃபிளாஷ் வேண்டாம், ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் வரட்டும். கிழிசலுக்குச் செலோடேப் ஒட்டினால் சில வருடத்தில் பசை மஞ்சளாகி எழுத்தையும் தின்றுவிடும். லமினேட் செய்தால் பிறகு பிரிக்க வழியில்லை. தாளைத் தின்னும் இராமபாணப் பூச்சிக்காகப் பச்சை வேப்பிலையை உள்ளே வைப்பவர்கள் ஈரத்தையும் கூடவே வைக்கிறார்கள். நனைந்த ஏட்டை வெயிலில் காயவிடக்கூடாது, தாள் முறுகி உடையும். நிழலில், மின்விசிறிக் காற்றில், சில பக்கங்களுக்கு ஒரு மையொற்றுத் தாள் வைத்து, அடிக்கடி மாற்றுங்கள். இரண்டு நாள் தாமதித்தால் பூஞ்சணம் பிடிக்கும்.

படங்களில் மூன்று பிரதி எடுத்து மூன்று இடத்தில் வையுங்கள். ஒன்று சேகர அலுவலகத்தில், ஒன்று திருச்சபைத் தலைமையகத்தில், ஒன்று வெளியூரில் இருக்கும் நம்பிக்கையான ஒருவரிடம். மலர்களையும் அச்சான அறிக்கைகளையும் நூலகம் நிறுவனம் போன்ற எண்ணிம ஆவணக் காப்பகத்துக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். ஞானஸ்நானப் பதிவேட்டை அப்படிக் கொடுக்கமுடியாது. தகப்பன் பெயர் எழுதாமல் விட்ட வரிகள் அதில் இருக்கும். அந்தப் பிள்ளைகள் இன்றும் அதே ஊரில் இருக்கக்கூடும். உயிரோடு இருப்பவர்களின் பக்கங்களைப் படம் எடுத்த கையோடு பூட்டிவையுங்கள். வணக்கம்.