கை எட்டுற அளவு சுவர்

வணக்கம்ங்க. ஓசூர்ல கட்டட சூப்பர்வைசரா இருக்கேன். அப்பார்ட்மென்ட்ல கலை எங்க இருக்கணும்னு பேசக் கூப்பிட்டாங்க.

எங்கம்மா பர்கூர் பக்கம் கிராமத்துலயே இருந்தவங்க. போன வருஷம் எங்க ஆறாவது மாடி வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தேன். ரெண்டாம் நாளே காய் வாங்கிட்டு வரும்போது அஞ்சாவது மாடியில எறங்கிட்டாங்க, அதே டைல்ஸ், அதே பிரவுன் கதவு, அதே க்ரீம் பெயின்ட்டு, யாரோ வீட்டுக் கதவுல சாவியப் போட்டுத் திருகிட்டு நின்னுருக்காங்க. மறுநாள் விடியக்காலையில நம்ம வாசல்ல செம்மண் பட்டை அடிச்சுப் புள்ளிக்கோலம் போட்டாங்க, அதுக்கப்புறம் வீடு தப்பவே இல்ல. ஆனா காரிடார்ல எதுவும் போடக்கூடாதுன்னு அசோசியேஷன்ல சொல்லி மாப் போட்டுத் துடைச்சிட்டாங்க. அம்மா பேசல, கோலமாவு டப்பாவ மூடி அலமாரி மேல வெச்சிட்டாங்க. எனக்குத்தான் மனசு ஆறல.

ஆஸ்திரியா நாட்டு வியன்னாவுல ஹுண்டர்ட்வாசர்னு ஒரு ஓவியர், ஆர்க்கிடெக்ட்டுகளோட சேந்து 1983ல இருந்து 1985 வரைக்கும் ஒரு குடியிருப்பு கட்டுனாரு. பணக்காரங்களுக்கு இல்லீங்க, அந்த நகராட்சியே வாடகைக்கு விடுற வீடுங்க. வெளிய நின்னு பாத்தா ஒவ்வொரு வீட்டுக்கும் வேற வேற கலரு, நடக்குற தரையே சில இடத்துல ஏத்த இறக்கமா இருக்கும், மொட்டை மாடியில மண்ணு போட்டு மரம் வெச்சிருக்காங்க. எனக்கு ரொம்பப் புடிச்சது வேற, குடியிருக்கவரு ஜன்னல் வழியா எட்டிக் கையை நீட்டினா எதுவரைக்கும் எட்டுதோ அதுவரைக்கும் வெளிச்சுவரை அவரு இஷ்டத்துக்கு மாத்திக்கலாம், அது குடியிருக்கவரோட உரிமைன்னு ஹுண்டர்ட்வாசர் சொன்னாரு. அதப் படிச்சப்ப எங்கம்மா கோலம்தாங்க ஞாபகம் வந்துச்சு.

நம்மூர்ல கேட்டுல ஃபவுன்டன், முகப்புல எலிவேஷன், அதோட கலை முடிஞ்சிடுது. கிருஷ்ணகிரி கிரானைட் கப்பலேறிப் போகுது, நம்ம காரிடார்ல வழுவழு டைல்ஸ்.

இப்ப நான் பாக்குற சைட்டுல ஓனர்கிட்ட மல்லுக்கட்டி, ஒவ்வொரு வாசல்லயும் மூணடிக்கு மூணடி கல்லு பதிக்கச் சம்மதம் வாங்கிட்டேன். பாலிஷ் வேண்டாம், சொரசொரன்னே இருக்கட்டும்னு சொல்லிட்டேன். அதுல கோலம் போடுறது, பெயின்ட் அடிக்கிறது எல்லாம் அந்தந்த வீட்டுக்காரங்க பாடு. போன வாரம் முதல் கல்லு பதிச்சதும் அம்மாவக் கூட்டிட்டுப் போனேன். குத்தவெச்சு உக்காந்து உள்ளங்கையால தடவிப் பாத்துட்டு, "இதுல மாவு நல்லா நிக்கும்டா"ன்னாங்க.