வெள்ளிக்கிழமைக் கறி

(மேலூரில் ஒரு வாசகர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். ‘தோல்வியே வெற்றிக்கு முதல் படி’ என்று தலைப்புக் கொடுத்து என்னை அழைத்தார்கள். நோட்டீஸிலும் அப்படியே அடித்துவிட்டார்கள். எனக்கு அந்த வாசகத்தில் நம்பிக்கை கிடையாது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே குழியில் நாலு தடவை விழுந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். விழுந்த இடத்தைத் திரும்பிப் போய்ப் பார்க்க யாருக்கும் மனசு வராது. எனக்கு ஏழு வருஷம் வரவில்லை.

2011 ஆவணியில் மதுரையில், பெரியார் பேருந்து நிலையத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு மெஸ் ஆரம்பித்தேன். அடுப்படி என் பொறுப்பு, கல்லாவில் மச்சினன். சுக்கா, குடல், எலும்புக் குழம்பு, ராத்திரியில் கறிதோசை. மதியம் இலை போட ஆரம்பித்தால் வாசலில் ஆள் நிற்கும். பதினாலாவது மாதம் கடையைப் பூட்டினேன். நாலு லட்சம் போனது. அடகுக்குப் போன நகையும் வீடு திரும்பவில்லை.

ஏன் மூடினாய் என்று கேட்டவர்களுக்கு மூன்று பதில் வைத்திருந்தேன். தெற்குப் பார்த்த வாசல், ராசியில்லை. எதிர்ச்சாரியில் பிரியாணிக் கடை வந்துவிட்டது. மூன்றாவதைச் சொந்தக்காரர்களிடம் மட்டும், அதுவும் குரலைத் தாழ்த்திச் சொல்வேன்: கல்லாவில் உட்கார்ந்தவன் கை சுத்தமில்லை.

2020 போகிக்குப் பரணை ஒழித்தபோது மெஸ் கணக்கு நோட்டு கிடைத்தது. மஞ்சள் அட்டை, மூலையெல்லாம் எண்ணெய்க் கறை. நெருப்பில் போடத்தான் எடுத்தேன், சும்மா புரட்டினேன். மச்சினன் கையெழுத்து குண்டு குண்டாக இருக்கும். ‘வெள்ளி. கறி 12 கிலோ. மிச்சம் 5.’ மூன்று நாள் முன்னால், ‘செவ்வாய். கறி 12. மிச்சம் 5.’ அடுத்த வாரம், அதற்கடுத்த வாரம், அதே கதை. மிச்சம் என்று எழுதிய இடத்தில் எல்லாம் சிவப்பு மையில் ஒரு கோடு.

நம் பக்கத்தில் செவ்வாய், வெள்ளியில் கவுச்சி தொடாத வீடு எத்தனை என்று இங்கே இருக்கிற தாய்மார்களுக்குத் தெரியும். புரட்டாசியில் கேட்கவே வேண்டாம். கார்த்திகை வந்தால் பாதித் தெரு மாலை போட்டிருக்கும். இது எனக்குத் தெரியாதா? என் வீட்டிலேயே வெள்ளிக்கிழமை சாம்பார்தான்! ஆனால் ‘இன்று கறி கம்மி’ என்று சொல்ல என் கௌரவம் விடவில்லை. பெரிய மெஸ் என்றால் தினமும் 12 கிலோ இறங்க வேண்டும் என்று ஒரு வீம்பு. அன்றைக்குக் கறி கிலோ 350. வாரத்துக்கு 10 கிலோ மிச்சம், 3,500 ரூபாய். மாதம் 14,000. கடை வாடகையே 12,000தான். பதினாலு மாதத்துக்குப் பெருக்கிப் பாருங்கள், நஷ்டத்தில் ஏறக்குறைய பாதி அங்கேயே வந்துவிடும். மீதிப் பாதிக்கும் நோட்டில் பதில் இருந்தது. அதையெல்லாம் சொல்லி உங்களைப் பசியோடு அனுப்ப விரும்பவில்லை.

ஜெயித்தால் என் கைப்பக்குவம், தோற்றால் வாசல் திசை. மனசு இப்படித்தான் கணக்கு எழுதும். அதனால்தான் நடந்தபோதே தாளில் எழுதி வைத்தது முக்கியம் என்கிறேன்.

உங்கள் ஊர் வயலுக்கு வருகிற பெரியாற்றுத் தண்ணீரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1808இல் மலையேறிப் பார்த்த ஆங்கிலேய அதிகாரி, ஆற்றை மறித்து இந்தப் பக்கம் திருப்புவது நடக்காத காரியம் என்று எழுதிவிட்டுப் போனார். 1850இல் சின்னதாக வேலை தொடங்கி, ஆட்கள் நோயில் விழுந்தும் கூலி கட்டாமலும் நின்றது. 1867இல் மண் அணைக்குத் திட்டம் போட்டார்கள், அதுவும் நகரவில்லை. 1882இல் இன்ஜினீயர் பென்னிகுயிக் கைக்கு வந்தபோது பழைய திட்டங்களை எல்லாம் திரும்ப அலசித்தான் சுண்ணாம்பும் சுர்க்கி என்கிற செங்கல்தூளும் சேர்த்த கட்டுமானத்துக்குப் போனார்கள். 1887இல் வேலை தொடங்கிய பிறகும், ஆற்றை மறிக்கத் தற்காலிகமாகப் போட்ட தடுப்புகளை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. திரும்பத் திரும்பப் போட்டார்கள். 1895இல் அணை முடிந்தது. அவரைச் சாமியாகக் கும்பிடுகிறோம், தப்பில்லை. எனக்கென்னவோ அந்தப் பழைய காகிதங்களைப் பொறுமையாகப் புரட்டிய நேரத்தின் மேல்தான் மரியாதை அதிகம்.

தப்பை ஒத்துக்கொள்வதற்கு நம் ஊரில் ஒரு பெரிய உதாரணம் உண்டு. பொற்கொல்லன் பேச்சைக் கேட்டு, விசாரிக்காமல் கோவலனைக் கொன்ற பாண்டியன், சிலம்பு உடைந்ததும் அந்த இடத்திலேயே உயிரை விட்டான். பெரிய மனசுதான். ஆனால் மறுநாள் எழுந்து, விசாரணை எங்கே கோணலாகப் போனது என்று பார்க்க அவன் இருக்கவில்லையே! நம்மைப் போன்றவர்கள் மறுநாளும் கடை திறக்க வேண்டியிருக்கிறது. இப்போது நான் கல்யாணச் சமையல் எடுக்கிறேன். ஒவ்வொரு பந்தி முடிந்ததும் அண்டாவில் மிஞ்சியதை எழுதிவிட்டுத்தான் கை கழுவுவேன்.

அந்த நோட்டோடு திருமங்கலத்துக்கு மச்சினன் வீட்டுக்குப் போனேன். வாய் வரவில்லை. ‘மாப்ள, இதை இப்பத்தான் படிச்சேன்’ என்றேன். அவன் வாங்கி, நாலைந்து பக்கம் தள்ளி ஒரு இடத்தைக் காட்டினான். புரட்டாசி மாதம். ஓரத்தில் பென்சிலால், ‘மச்சானிடம் மூணாவது தடவையும் சொல்லியாச்சு’ என்று எழுதியிருந்தது. அதை நான் அப்போதும் கவனித்திருக்கவில்லை.

நோட்டை மூடி என் கையில் கொடுத்துவிட்டு, ‘காப்பி சாப்பிடுறீங்களா மச்சான்?’ என்று உள்ளே போனான்.