கன்ஃபெஷன் பக்கத்துல விமர்சனம் எழுதலாமா?

அடுத்த கேள்வி. "ஃபேண்டம் ரோல்பிளே குழு ஒண்ணுல இருக்கேன். கூட எழுதுற ஒருத்தங்க பாத்திரத்தைக் கையாளுற விதம் எனக்குப் பிடிக்கலை. நேரா சொல்ல பயமா இருக்கு. கன்ஃபெஷன் பக்கத்துல பேர் போடாம எழுதிடட்டுமா?"ன்னு கேட்டிருக்காங்க. (ஃபேண்டம் ரோல்பிளேன்னா, பிடிச்ச கதை, படம், தொடர்ல வர்ற பாத்திரமா மாறி, ஆன்லைன்ல மாத்தி மாத்தி சேர்ந்து கதை எழுதறது. கன்ஃபெஷன் பக்கம்னா, பேர் சொல்லாம அனுப்பறதை எல்லாரும் பாக்கற மாதிரி போடற பக்கம்.)

வேண்டாங்க. எழுதாதீங்க.

பேரை மறைக்கிறதே தப்புன்னு நான் சொல்ல வரலை. லைவ்ஜர்னல், அப்புறம் ட்ரீம்வித்ங்கிற வலைப்பதிவுத் தளங்கள்ல ரோல்பிளே பண்றவங்ககிட்ட 'ஹவ்ஸ் மை டிரைவிங்'னு ஒரு நல்ல வழக்கம் உண்டு. வண்டிக்குப் பின்னாடி 'நான் எப்படி ஓட்டுறேன்'னு கேட்டு எழுதியிருப்பாங்கல்ல, அந்தப் பேருதான். எழுதுறவங்களே ஒரு பதிவு போட்டு, என் பாத்திரம் எப்படி வருதுன்னு கேப்பாங்க. அனானிமஸ் கமெண்டைத் திறந்துவிட்டு, ஆளைக் காட்டிக்குடுக்கக்கூடிய ஐபி முகவரி பதிவாகிறதையும் நிறுத்திடுவாங்க. சில பேர் கமெண்டைத் தனக்கு மட்டும் தெரியற மாதிரி ஸ்கிரீன் பண்ணி வைப்பாங்க. அங்கயும் சொல்றவங்க யாருன்னு தெரியாதுதான். ஆனா கேட்டது அவங்க, கதவைத் திறந்து வச்சதும் அவங்க. "எந்த இடத்துல அப்படித் தோணுச்சு?"ன்னு அங்கயே திருப்பிக் கேக்கவும் முடியும்.

கன்ஃபெஷன் பக்கத்துல அதுக்கு வழியே கிடையாது. ஒருதடவை நான் இருந்த குழுவைப் பத்தி ஒண்ணு வந்துச்சு. 'அந்த டாக்டர் பாத்திரத்தை எப்பப் பாரு அழவிடறாங்க, சகிக்கலை'ன்னு. அந்தப் பாத்திரத்தை எழுதினதே மூணு பேர். யாரைச் சொன்னாங்களோ அவங்களுக்கு அது தன்னைத்தான்னு உறைக்கவே இல்லை. சம்பந்தமே இல்லாத இன்னொரு பொண்ணு, தன்னைத்தான் சொல்றாங்கன்னு நினைச்சு எழுதறதையே விட்டுட்டாங்க. ரொம்ப நல்லா எழுதுவாங்க அவங்க. இப்பவும் எனக்கு அது மனசுல உறுத்துது.

சரி, நேரா எப்படிச் சொல்றது? ஆளை விட்டுட்டு வரியைப் பிடிங்க. அவங்க எழுதியிருக்காங்கன்னு வைங்க: 'வாளை வீசினேன். அவன் தோள் கிழிந்து மண்டியிட்டான்.' இதுல 'அவன்' உங்க பாத்திரம். இப்படி அடுத்தவங்க பாத்திரத்துக்கு என்ன ஆகுதுன்னு தானே முடிவு பண்ணி எழுதறதைத்தான் காட்மாடிங்னு சொல்வாங்க. "நீங்க காட்மாடிங் பண்றீங்க"ன்னு ஆரம்பிச்சா சண்டைதான் வரும். தனி மெசேஜ்ல, "வாளை வீசறது வரைக்கும் நீங்க எழுதுங்க, அடி பட்டுச்சா விலகினானான்னு நான் எழுதறேன், சரியா?"ன்னு கேளுங்க. அவ்வளவு போதும். பாதி பேர் 'அய்யோ, கவனிக்கலை'ன்னு உடனே மாத்திடுவாங்க.

பாத்திரம் அவங்க கைல வேற மாதிரி இருக்கு, அதான் பிடிக்கலைன்னா, அது உங்க ரசனை. அவங்க கேக்காம அதைச் சொல்லாதீங்க. அவங்களோட சேர்ந்து எழுதற அந்த த்ரெட்டை, அதாவது அந்தக் கதை இழையை, மரியாதையா முடிச்சுக்கலாம், யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க.

ஒண்ணு மட்டும் தனியா சொல்லிடறேன். தொந்தரவு பண்றாங்க, வேண்டாம்னு சொல்லியும் ஆபாசமா எழுதறாங்க, சின்னப் பசங்ககிட்ட தப்பா நடந்துக்கறாங்க, இதெல்லாம் விமர்சனத்துல சேராது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து நேரா மாடரேட்டர்கிட்ட குடுங்க. அவங்க கண்டுக்கலைன்னா அந்தத் தளத்துலயே ரிப்போர்ட் பண்ணுங்க, பிளாக் பண்ணுங்க. இதைக் கன்ஃபெஷன்ல பூடகமா எழுதிட்டுப் போனா யாரும் நடவடிக்கை எடுக்க முடியாது, அந்த ஆள் அங்கயேதான் இருப்பான்.

உங்க கேள்வியில 'பயமா இருக்கு'ன்னு ஒரு வார்த்தை இருக்கு. அது அவங்க கோபப்படுவாங்கங்கிற பயமா, இல்லை கூட எழுத ஆள் இல்லாமப் போயிடுமோங்கிற பயமா? ரெண்டாவதுன்னா, அதை மட்டும் கன்ஃபெஷன்ல தாராளமா எழுதுங்க. அது உங்க மனசு, அதுல யார் பேரும் அடிபடாது.