வளையத்தைத் திருப்பினால் தெரிவது

வணக்கம் மக்களே. பாபநாசம் படித்துறையில் உட்கார்ந்து பேசுகிறேன். பின்னால் இரைகிறது தாமிரபரணி, மைக்கைத் திட்டாதீர்கள்.

இந்தப் படத்தைப் பாருங்கள். மருத மரம், வானம், தண்ணீர். காலண்டருக்குக் கொடுக்கலாம். இப்போது அதே இடத்தில் நின்று, லென்ஸில் போலரைசர், அதாவது பளபளப்பை வெட்டும் ஃபில்டர், மாட்டி அதன் வளையத்தை மெதுவாகத் திருப்புகிறேன். தண்ணீர்மேல் இருந்த பளபளப்பு விலகுகிறதா? அடியில் சேலை, வேட்டி, பனியன். வேரோடு வேராகச் சுற்றிக் கிடக்கிறது. திதி கொடுத்துவிட்டோ பரிகாரம் முடித்துவிட்டோ முழுக்குப் போடுகிறவர்கள் உடுத்தியதை ஆற்றிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள். பருத்தி என்றால் மெல்ல மக்கும். பாலியஸ்டர் எங்கே மக்குகிறது?

நேர் கீழே குனிந்து எடுத்தால் போலரைசர் மாட்டியும் பயனில்லை, சாய்த்துப் பார்க்க வேண்டும். வெளிச்சத்தில் ஒன்றரை ஸ்டாப்பாவது, அதாவது பாதிக்கு மேல், அது தின்றுவிடும். மர நிழல் வேறு. முதல் நாள் அதை மறந்துவிட்டேன், ஷட்டர் வேகம் குறைந்து நாற்பது படமும் ஆடிப்போனது. ஒரு நாள் பஸ் காசு தண்டம்.

அமாவாசையன்று ஒரு பெரியவர், "தம்பி, மூஞ்சிய மட்டும் எடுத்துராதீய" என்றார். தகப்பனுக்குத் தர்ப்பணம் கொடுக்க வந்தவரைக் குற்றவாளி மாதிரி காட்ட எனக்கும் மனசில்லை. அதனால் இந்தத் தொடரில் முகமே கிடையாது. துணி மட்டும்தான்.

சரி, காசு? இந்தப் படங்களை வாங்க ஆள் இல்லை. கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்தில் எடுத்த கூழைக்கடா, வரித்தலை வாத்து என்றால் உடனே கேட்கிறார்கள். வாத்து இமயமலையைத் தாண்டி வந்து என் பெட்ரோலுக்குக் கொடுக்கிறது, அதைக் குறை சொல்லக் கூடாது.

நேற்று துணி துவைத்துக்கொண்டிருந்த ஆச்சி ஒருத்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏய்யா, கிழிஞ்ச சேலையவா படம் எடுக்க?"

"ஆமா ஆச்சி."

"அதுக்கு எதுக்கு ஆத்துக்கு வந்த? எங்க வீட்டுக் கொடியில கிடக்கே!"

கேமராவை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தேன். அப்புறம் திரையில் அந்த இரண்டு படத்தையும் காட்டினேன். கையிலிருந்த சோப்பைக் கீழே வைத்துவிட்டு, தன் காலடித் தண்ணீரைக் குனிந்து பார்த்தாள்.

அடுத்து ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு. அங்கே அமலைச்செடி, அதாவது ஆகாயத்தாமரை. பார்ப்போம்.