முதலில் ஓடி வந்தது யார்?

நடுவர் ஐயா அவர்களே, கொடைக்கானல் குளிரில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெரியவர்களே, வணக்கம்.

உடன்பிறந்தவர்கள் பிரிந்தால் முதலில் இறங்கி வரவேண்டியது தப்பு செய்தவரா, தப்புக்கு ஆளானவரா? தப்பு செய்தவர்தான் என்று எதிரணி அக்கா பைபிளில் மத்தேயு 5-ஆம் அதிகாரத்தைக் காட்டினார். காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு. சரி, அப்படிப் போனவன் கதையை அதே பைபிளின் முதல் புத்தகமான ஆதியாகமத்தில் பார்ப்போமா?

அண்ணன் ஏசாவுக்குரிய ஆசீர்வாதத்தை ஏமாற்றி வாங்கிக்கொண்டு ஓடியவன் யாக்கோபு. 20 வருஷம் கழித்துத் திரும்புகிறான். ஏசா 400 ஆட்களோடு எதிரே வருகிறான் என்று சேதி. உடனே 220 வெள்ளாடு, 220 செம்மறி, ஒட்டகம், மாடு, கழுதை என்று மந்தை மந்தையாக இடைவெளி விட்டு அனுப்பிவிட்டு, இவர் பின்னால் வருகிறார்! ஏழு தரம் தரையில் விழுந்தான். அண்ணனைப் பார்த்து 'ஆண்டவனே' என்றான். 'நான் செய்தது தப்பு' என்று ஒரு வார்த்தை அங்கே இல்லை, தேடிப் பாருங்கள். ஏசா அதற்குக் காத்திருந்தானா? ஓடி வந்து கழுத்தைக் கட்டிக்கொண்டான். இரண்டு பேரும் அழுதார்கள். 'சகோதரனே, எனக்குப் போதுமானது இருக்கிறது' என்று ஆடு மாட்டை வேண்டாமென்றான். இவன் ஆண்டவன் என்கிறான், அவன் சகோதரன் என்கிறான்!

முந்தின ராத்திரிதான் பெனியேல் என்ற இடத்தில் மல்லுக்கட்டித் தொடை சுளுக்கி, தேவனை முகமுகமாய்க் கண்டதாகச் சொன்னவன் யாக்கோபு. விடிந்ததும் நொண்டிக்கொண்டே வந்து, 'உம் முகத்தைக் கண்டது தேவனின் முகத்தைக் கண்டதுபோல் இருக்கிறது' என்கிறான். அது யார் முகம், ஐயா? ஏமாந்தவன் முகம்.

நம் குறிஞ்சி ஆண்டவர் கோயிலில் நின்றால் கீழே பழனி தெரியும். பழத்துக்காகக் கோபித்துக்கொண்டு தம்பி வந்த இடம். அப்பா அம்மா தேடி வந்தார்கள். அண்ணன் பாதிப் பழத்தோடு வந்ததாக என் பாட்டி சொன்ன கதையில் இல்லை. தம்பி இன்னும் மலையில்தான் நிற்கிறார்!

எங்கள் வீடு பூம்பாறையில். பெரியப்பா வரப்பைத் தள்ளிப் போட்டதில் ஒன்பது வருஷம் பேச்சில்லை. ஒரு வருஷம் அவருடைய விதைப்பூண்டு அழுகிப்போனது. அப்பா, அடுப்புக்கு மேலே புகையில் தொங்கிய கட்டுகளில் பாதியை அவிழ்த்துச் சாக்கில் போட்டுத் தோளில் ஏற்றினார். நான் டார்ச் பிடித்துக்கொண்டு போனேன். கதவைத் திறந்த பெரியப்பா மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. சாக்கை இறக்கக் கை கொடுத்தார். "பனி கொட்டுது, உள்ள வாடா" என்றார்.

வரப்பு இன்றும் அவர் தள்ளிப் போட்ட இடத்தில்தான் இருக்கிறது. மணி அடித்துவிட்டார்கள், உட்காருகிறேன்.